அப்டேட் போட்டால் கம்ப்யூட்டர் ஏன் படுத்துவிடுகிறது? 20 வயதில் விடை தேடிப் புறப்பட்ட இயன் மர்டாக்கின் கதை

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அந்த லேப்டாப்பில் படித்தவர்கள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர்களில் சிலர் வீட்டுப் பரணில்கூட அது இன்னும் இருக்கலாம்.

அந்தக் கணினிகளில் விண்டோஸோடு இன்னொரு இயங்குதளமும் இருந்தது. அதன் பெயர் பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். திறந்து பார்த்தவர்களுக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்காது. பாஸ் தனியாக முளைத்த செடி இல்லை. டெபியன் என்ற மரத்தின் கிளை அது. உபுண்டுவும் அதே மரத்தின் கிளைதான்.

அந்த மரத்தை நட்டவர் இயன் மர்டாக். நடும்போது அவருக்கு வயது 20. அவரை உறுத்திய கேள்வி இன்றைக்கும் நம்மை உறுத்துவதுதான்: நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர், அப்டேட் போட்டதும் ஏன் மக்கர் செய்கிறது?

யார் இந்த இயன் மர்டாக்?

1973 ஏப்ரல் 28 அன்று அன்றைய மேற்கு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். வளர்ந்தது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில். அப்பா, அங்குள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியர். அப்பாவின் ஆய்வகத்தில் இருந்த ஆப்பிள் கணினியில்தான் சிறுவன் இயன் நிரல் எழுதிப் பழகினார்.

பின்னர் அதே பர்டியூவில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே யூனிக்ஸ் அறிமுகமானது. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த இயங்குதளம் அது. ஒரே கணினியில் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஆனால், அது பல்கலைக்கழகங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் இருந்த விலையுயர்ந்த கணினிகளில் ஓடியது. வீட்டு மேசைக்கு வரவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது லினக்ஸ். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸ் மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு கெர்னலை எழுதி இணையத்தில் இலவசமாக விட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்கள் அதனோடு சேர்ந்தன. சாதாரண பெர்சனல் கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் போன்ற ஓர் இயங்குதளம் கிடைத்துவிட்டது.

அப்போ பிரச்சினை எங்கே இருந்தது?

கெர்னல் என்பது இன்ஜின் மாதிரி. இன்ஜினை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. திரை, விசைப்பலகை, கோப்புகள், அச்சு, நெட்வொர்க் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள் வேண்டும். அவற்றை எழுதியவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்த, ஒருவரை ஒருவர் பார்த்திராத மனிதர்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து, ஃப்ளாப்பி கட்டாகப் பயனரிடம் கொடுப்பதற்குப் பெயர் டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமாக டிஸ்ட்ரோ. 1992-ல் வந்த எஸ்எல்எஸ் என்ற டிஸ்ட்ரோதான் அப்போது பலருக்கும் முதல் லினக்ஸ். மர்டாக்குக்கும் அதுதான்.

எஸ்எல்எஸ் பிழைகள் மலிந்தது. ஒரு பாகம் புதியதாக இருக்கும், அது நம்பியிருக்கும் இன்னொரு பாகம் பழையதாக இருக்கும். ஒன்றை மேம்படுத்தினால் வேறொன்று கவிழும். பிழையைச் சொன்னாலும் திருத்தம் வருமா என்பது நிச்சயமில்லை. சில விற்பனையாளர்கள் சோதிக்காமலேயே அதைப் பிரதி எடுத்து விற்றார்கள்.

மர்டாக் முதலில் எஸ்எல்எஸ்ஸைச் சரிசெய்யத்தான் பார்த்தார். ஒரு கட்டத்தில், மொத்தமாகப் புதிதாகக் கட்டுவதே மேல் என்ற முடிவுக்கு வந்தார். அந்த முயற்சியில் அவர் கண்டுகொண்டதுதான் இந்தக் கதையின் மையம். தனித்தனியே பார்த்தால் பெரும்பாலான மென்பொருள்கள் நன்றாகவே இருந்தன. கோளாறு, ஒரு மென்பொருளும் இன்னொன்றும் சேரும் இடத்தில் இருந்தது. அந்த இணைப்புக்கு யாருமே பொறுப்பில்லை.

டெபியன் எப்படிப் பிறந்தது?

1993 ஆகஸ்ட் 16 அன்று, இணையத்தின் யூஸ்நெட் விவாதக் குழு ஒன்றில் மர்டாக் தன் திட்டத்தை அறிவித்தார். அப்போதைய காதலி, பின்னாளில் மனைவியான டெப்ராவின் பெயரிலிருந்து பாதி, தன் பெயர் இயன். இரண்டையும் சேர்த்தால் டெபியன்.

அறிவிப்பைத் தொடர்ந்து ஒரு கொள்கை அறிக்கையும் எழுதினார். டிஸ்ட்ரோவைத் தயாரிப்பது சில்லறை வேலை அல்ல, அதற்கும் கவனமும் உழைப்பும் வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கோப்பதற்குப் பதிலாக, ஆளுக்கு ஒரு பாகம் என்று பிரித்துக்கொள்ளலாம் என்றார். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர் இருப்பார். பிழை வந்தால் யாரிடம் போவது என்ற குழப்பம் இருக்காது.

1994 நவம்பர் முதல் ஓராண்டு, ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்தத் திட்டத்துக்கு நிதி உதவியது. முன்பின் பார்த்திராத தன்னார்வலர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

பில் ஆஃப் மெட்டீரியல் தெரியுமா? அதேதான்!

பொறுப்பாளர்கள் இருந்தால் மட்டும் போதாது. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா என்று கணினிக்கே தெரிய வேண்டும். அதற்காகப் பிறந்ததுதான் பேக்கேஜ் முறை.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் உதிரிபாக ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பாகம் அசெம்பிளிக்குப் போகும்போது பார்ட் நம்பர், ரிவிஷன் நம்பர், சப்ளையர் பெயர் எல்லாம் கூடவே போகும். எந்தப் பாகத்துக்கு எந்தெந்தப் பாகம் தேவை என்பது பில் ஆஃப் மெட்டீரியலில் இருக்கும். பழைய ரிவிஷன் போல்ட்டைப் புதிய ரிவிஷன் பிராக்கெட்டில் மாட்டினால் லைன் நிற்கும்.

டெபியன் பேக்கேஜும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் மென்பொருளோடு ஒரு சீட்டு இருக்கும். இது எந்தப் பதிப்பு, வேலை செய்ய வேறு எவை வேண்டும், எதோடு ஒத்துப்போகாது, பொறுப்பாளர் யார் என எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டைப் படித்து நிறுவும் கருவிக்கு டிபிகேஜி என்று பெயர். அதன் தொடக்க வடிவத்தை மர்டாக் எழுதினார். 1994-ல் இயன் ஜாக்சன் என்ற இன்னொரு இயன் அதன் முக்கியப் பகுதிகளை சி மொழியில் மாற்றி எழுதினார்.

டிபிகேஜி வேலையை இரண்டாகப் பிரித்துச் செய்யும். முதலில் பேக்கேஜைப் பிரித்துக் கோப்புகளை உரிய இடத்தில் வைக்கும். பிறகு அதை அமைத்து, பயன்பாட்டுக்குத் தயார் செய்யும். எந்தப் பேக்கேஜ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டே வரும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால், அப்டேட் ஓடும்போது கரன்ட் போனால் காப்பாற்றுவது இந்தப் பதிவேடுதான். எங்கே நின்றோம் என்று கணினிக்குத் தெரியும். அங்கிருந்தே தொடரலாம்.

வராத 1.0

டெபியனின் பதிப்பு வரிசையில் 1.0 கிடையாது. காரணம் ஒரு விபத்து.

1995 டிசம்பரில், ஒரு சிடி விற்பனை நிறுவனம், வேலை முடியாத வளர்ச்சிப் பதிப்பை எடுத்து டெபியன் 1.0 என்று பெயரிட்டு வெளியிட்டுவிட்டது. அது சரியாக ஓடவில்லை. கோளாறான சிடியையும் உண்மையான வெளியீட்டையும் மக்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, டெபியன் அந்த எண்ணையே கைவிட்டது. 1996 ஜூனில் வந்த பதிப்புக்கு 1.1 என்று பெயர். அதில் 474 பேக்கேஜ்கள் இருந்தன.

சோதிக்காத பொருளைப் பயனர் தலையில் கட்டக் கூடாது என்ற பாடம் இந்தத் திட்டத்தில் ஆழமாகப் பதிந்தது. புதிய பேக்கேஜ் முதலில் நிலையற்ற பிரிவுக்குப் போகும். அங்கே சில நாள் பெரிய பிழை இல்லாமல் தாண்டினால் சோதனைப் பிரிவு. எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திய பிறகே நிலையான பதிப்பு. சோதனைப் பிரிவு 2000-ம் ஆண்டின் இறுதியில் சேர்க்கப்பட்டது. இதற்கு ஒரு விலையும் உண்டு. 2002 ஜூலைக்குப் பிறகு அடுத்த நிலையான பதிப்பு வர 2005 ஜூன்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொடங்கியவரே ஏன் விலகினார்?

1.1 வெளிவரும் முன்பே, 1996 மார்ச்சில் மர்டாக் தலைமைப் பொறுப்பை புரூஸ் பெரன்ஸிடம் ஒப்படைத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 22. அதே ஆண்டு பர்டியூவில் கணினி அறிவியல் பட்டம் பெற்று, அரிசோனா பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போனார்.

தொடங்கியவர் போனால் திட்டமும் படுத்துவிடும் என்பதுதான் வழக்கம். டெபியன் படுக்கவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பொறுப்பாளர், எல்லாருக்கும் பொதுவான விதிகள் என்ற ஏற்பாடு அவர் இல்லாமலும் ஓடியது.

அதற்குப் பெரிய சோதனை 1998-ல் வந்தது. கிட்டத்தட்ட எல்லா மென்பொருளும் நம்பியிருக்கும் சி நூலகத்தையே அந்த ஆண்டு ஜூலையில் வந்த 2.0 பதிப்பு மாற்றியது. குடியிருந்துகொண்டே வீட்டு அஸ்திவாரத்தை மாற்றுவது மாதிரியான வேலை. எதை முதலில் மாற்றுவது, எதை அடுத்து மாற்றுவது என்ற வரிசை தவறினால் கணினி முடங்கும். அந்த வரிசையைச் சரியாகச் செய்ய ஒரு தனி ஸ்கிரிப்ட்டே கொடுக்க வேண்டியிருந்தது.

1999 மார்ச்சில் வந்த 2.1 பதிப்பில் ஏபிடி என்ற கருவி சேர்ந்தது. தேவையான பேக்கேஜ்களை இணையத்திலிருந்து இறக்குவது, சார்புகளைக் கணக்கிடுவது, வரிசையை முடிவு செய்வது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டது. இன்று உபுண்டுவில் அப்டேட் பொத்தானை அழுத்தும்போதும் பின்னால் ஓடுவது இந்த ஏபிடியும் டிபிகேஜியும்தான்.

வெற்றி ஒரு பக்கம், சறுக்கல் ஒரு பக்கம்

மர்டாக்கின் பிற்காலம் ஏற்ற இறக்கமானது. டெபியனை அடிப்படையாக வைத்து புரோஜெனி என்ற நிறுவனத்தை இண்டியானாபொலிஸில் நடத்தினார். 2001 ஏப்ரலில், நிறுவுவதற்கு எளிதான ஒரு டெபியன் வடிவத்தை வெளியிட்டார். டாட்காம் சரிவு நேரம். அந்தத் தயாரிப்பு அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. 2007-ல் நிறுவனமும் மூடப்பட்டது.

எளிமையான டெபியன் என்ற அதே கனவை, 2004 அக்டோபரில் வந்த உபுண்டு வெற்றியாக்கியது. ஆனால், உபுண்டுவின் பேக்கேஜ்கள் டெபியனோடு பொருந்தாமல் விலகிப்போவதை 2005-ல் மர்டாக் வெளிப்படையாக விமர்சித்தார். மறுபடியும் அதே கவலை. கிளைகள் தனித்தனியாக வளரும்போது இணைப்புக்கு யார் பொறுப்பு? எல்லா லினக்ஸ்களுக்கும் பொதுவான தரம் வேண்டும் என்பதற்காகவே லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் முயற்சியிலும் அவர் ஈடுபட்டார்.

2007 மார்ச்சில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் சோலாரிஸ் உறுதியான யூனிக்ஸ். ஆனால், லினக்ஸ் பழகிய இளைஞர்களுக்கு அது அந்நியமாக இருந்தது. அதை மாற்ற அவர் முன்னின்று நடத்திய திட்டத்துக்குத் தன் மாநிலத்தின் பெயரான இண்டியானாவையே வைத்தார்கள். 2008 மே மாதம் வந்த ஓபன்சோலாரிஸ் அதன் பலன்.

அதில் அப்டேட் பயத்துக்கு இன்னொரு விடை இருந்தது. மேம்படுத்தும்போது, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைத் தொடுவதில்லை. அதற்கு ஒரு நகல் எடுத்து, நகலில்தான் மாற்றம் நடக்கும். புதியது கிளம்பவில்லையா? ரீஸ்டார்ட் செய்து பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கிரவுண்டுக்குப் போகாமலே ரிவர்ஸ் கியர் கிடைத்த மாதிரி.

ஆனால், 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அதே ஆண்டு மர்டாக் வெளியேறினார். ஓபன்சோலாரிஸும் கைவிடப்பட்டது. அதிலிருந்து தன்னார்வலர்கள் பிரித்தெடுத்த ஓபன்இண்டியானா இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது.

பிறகு இண்டியானாபொலிஸில் எக்ஸாக்ட்டார்கெட் நிறுவனம், 2015 நவம்பரில் டாக்கர். ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பும் தொழில்நுட்பம்தான் டாக்கர். 20 வயதில் தொட்ட அதே கேள்வி, வேறு உருவத்தில்.

டாக்கரில் சேர்ந்த அடுத்த மாதம், 2015 டிசம்பர் 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். வயது 42. கடைசி நாள்களில் அவர் இணையத்தில் எழுதியவை கடும் மன நெருக்கடியில் இருந்ததைக் காட்டின. அது தற்கொலை என்று மருத்துவ விசாரணை பின்னர் முடிவுசெய்தது. 2017 ஜூனில் வந்த டெபியன் 9 பதிப்பு அவருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது.

சரி, இன்று உங்கள் கணினி மக்கர் செய்தால்?

மர்டாக்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் விட்டுச்சென்ற ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். உபுண்டு, டெபியன், பாஸ், மின்ட் என எதற்கும் இது பொருந்தும்.

* பாதியில் கரன்ட் போச்சா? உடனே ஃபார்மட் செய்ய வேண்டாம். திரை வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை கிடைக்கும். டிபிகேஜி கட்டளையை கன்ஃபிகர் தேர்வோடு கொடுத்தால், நின்ற பேக்கேஜ்களை அமைத்து முடிக்கும். அடுத்து ஏபிடியின் ஃபிக்ஸ்-புரோக்கன் தேர்வு, விடுபட்ட சார்புகளை நிரப்பும்.

* பூட்டே ஆகவில்லையா? புதிய கெர்னல் வந்தாலும் முந்தையது வழக்கமாக அழிக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

* லாக் என்று பிழை வருகிறதா? பின்னணியில் இன்னொரு அப்டேட் ஓடுகிறது என்று அர்த்தம். லாக் கோப்பை அழிக்காதீர்கள். முடியும்வரை காத்திருங்கள்.

* பதிப்பு மாற்றப் போகிறீர்களா? பேக்கப் எடுங்கள், வட்டில் இடம் இருக்கிறதா பாருங்கள். வெளியிலிருந்து சேர்த்த களஞ்சியங்களை நிறுத்திவையுங்கள். டெபியனில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். பழைய கணினியில் 32 பிட் டெபியன் இருந்தால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு அதை மேம்படுத்த முடியாது.

* என்ன மாறியது என்று தெரியவில்லையா? எந்தத் தேதியில் எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்புக்கு மாறியது என்பதை ஏபிடி தன் வரலாற்றுக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். யாரிடம் உதவி கேட்டாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

அலுவலகக் கணினி என்றால் கூடுதலாக ஒரு விதி. டெஸ்பாட்ச் நேரத்தில் அப்டேட் வேண்டவே வேண்டாம்!

இப்போது டெபியன் எங்கே நிற்கிறது?

474 பேக்கேஜ்களோடு தொடங்கிய பட்டியல், டெபியன் 13-ல் 69,000-ஐத் தாண்டிவிட்டது. அதன் உலக மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது. அதே ஆண்டு ஜனவரியில் விழுப்புரத்திலும் தன்னார்வலர்கள் ஒரு சிறிய டெபியன் மாநாட்டை நடத்தினார்கள்.

மர்டாக் தொடங்கிய நிறுவனம் இன்று இல்லை. அவர் பெரிய பதவி வகித்த நிறுவனமும் இல்லை. 22 வயதில் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வந்தது மட்டும் இன்னும் ஓடுகிறது. இந்த 69,000 பேக்கேஜ்களில் எதை எடுத்தாலும், அதன் சீட்டில் பொறுப்பாளர் யார் என்ற வரி இருக்கும். ஆளோ குழுவோ, சிலவற்றில் இந்தியப் பெயரும் இருக்கிறது. எதற்காவது பொறுப்பாளர் விலகிப்போனால், அந்தப் பேக்கேஜை அநாதை என்று பட்டியலில் வெளிப்படையாக அறிவிக்கிறார்கள். எடுத்து வளர்க்க யாருக்கு வேண்டுமானாலும் வாய்ப்பு உண்டு. உங்களுக்கும்தான்.

*(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணையோ, மத்திய அரசின் டெலி மனாஸ் 14416 எண்ணையோ அழைத்துப் பேசலாம்.)*